தாளம் தப்பியது நீங்களா, பெட்டியா?

வீட்டிலேயே கணினியில் பாட்டுப் பதிகிறவர்களிடம் இருந்து இம்முறை திருகோணமலைப் பக்கத்தில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: "பிந்துது." அதனால் மைக் வாங்குவது, அறைக்குப் பஞ்சு ஒட்டுவது எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பிந்துகிறவர்களை மட்டும் கூப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: கீபோர்டை மிடி இணைப்பு வழியாக ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் வாசித்துப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டு அக்கா பாடுவார். பாடும்போது எல்லாம் சரியாக இருக்கும். திருப்பிப் போட்டால் குரல் கொஞ்சம் பிந்தி நிற்கும். கையால் முன்னே இழுத்து வைக்கிறேன். ஆனால் இழுக்க வேண்டிய அளவு பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. சத்தம் வெடித்தால் பஃபரைக் கூட்டுவேன், எல்லாத் தடமும் சேரும் மாஸ்டரில், சத்தம் எல்லை மீறாமல் பிடிக்கும் லிமிட்டர் ஒன்றும் போட்டிருக்கிறேன். அக்கா தாளம் தப்புகிறாரா, அல்லது லப்டொப் பழசா?
உப்புவெளியில் இருந்து ஓர் இளைஞர்

பதில்: அக்காவை விட்டுவிடுங்கள், தம்பி. பாடும்போது சரியாகக் கேட்டது திருப்பிப் போடும்போது பிந்துகிறது என்றால் அது ஆள் பிழை இல்லை, கணக்குப் பிழை.

நானும் ஒரு வருசத்துக்கு மேல் இப்படிக் கையால் இழுத்தவன்தான். உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின்னறையில், ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வைத்துக்கொண்டு, கண் சிவக்கச் சிவக்க இழுப்பேன். மறுநாள் கேட்டால் குரல் முந்தின மாதிரி இருக்கும். பின்னுக்குத் தள்ளுவேன். ராத்திரி பதினொரு மணிக் காதும் காலை ஆறு மணிக் காதும் ஒன்றில்லை. ஒரு வயரைச் செருகி அளந்து பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. அதை எனக்குச் சொல்லித்தர அப்போது ஆள் இல்லை.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். நம் பஸ் நிலையத்தில் ஆள் நிரம்பும்வரை கிளம்பாத தனியார் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 44,100 இல் பதிகிறீர்கள் என்றால் ஒரு செக்கனுக்கு 44,100 பயணிகள் வருகிறார்கள். அவர்களுக்குப் பெயர் சாம்பிள். பஃபர் 256 என்பது 256 இருக்கை உள்ள பஸ். அது நிரம்ப 5.8 மில்லிசெக்கன் ஆகும். 1024 என்றால் 23 மில்லிசெக்கன். சின்ன பஸ் சீக்கிரம் கிளம்பும், ஆனால் அடிக்கடி ஓட வேண்டும். லப்டொப்புக்கு மூச்சு வாங்கினால் ஒரு பஸ் தவறும். நீங்கள் சொல்கிற அந்த வெடிப்புச் சத்தம் தவறிப்போன பஸ்.

மிடி இசை அக்காவின் ஹெட்போனுக்கு வர ஒரு பயணம். அக்காவின் குரல் மைக்கில் இருந்து உள்ளே போக இன்னொரு பயணம். இடையில் இன்டர்ஃபேஸின், அதாவது மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டியின் சொந்தத் தாமதம், யூஎஸ்பியின் காத்திருப்பு. ஆகவே குரல் எப்போதும் பிந்தித்தான் உள்ளே போகும். மென்பொருளுக்கு இது தெரியும். "போக வர எவ்வளவு நேரம்?" என்று டிரைவரைக் கேட்டு, பதிந்த குரலை அவ்வளவு முன்னே தள்ளி வைக்கும். இங்கே டிரைவர் என்பது இன்டர்ஃபேஸை ஓட்டும் மென்பொருள். ஆனாலும் நேரம் கேட்டால் பஸ் டிரைவர் மாதிரித்தான் பதில் சொல்லும். குறைத்துச் சொன்னால், குறைந்த அளவு அப்படியே பிந்தி நிற்கும். மிடிக்கு இந்தப் பிரச்சினை தெரியாது. அது சத்தம் இல்லை, எந்த நேரத்தில் எந்தக் கட்டை என்ற குறிப்பு. கருவி மென்பொருளுக்குள்ளேயே இருப்பதால் அது திரையில் உள்ள தாளக் கோட்டில் விழும், குரல் கோட்டுக்கு வெளியே நிற்கும்.

இப்போது அளப்போம். இன்டர்ஃபேஸின் வெளியீட்டில் இருந்து அதன் லைன் உள்ளீட்டுக்கு ஒரு ஜாக் வயர் போடுங்கள். அதற்கு முன் ஸ்பீக்கரைக் குறைத்து, உள்ளே வரும் சத்தத்தை நேராக வெளியே விடும் டிரெக்ட் மொனிட்டரை நிறுத்தி, பதியும் தடத்தில் மொனிட்டரையும் நிறுத்திவிடுங்கள். மறந்தால் ஊளையிடும், ஹெட்போன் காதில் இருந்தால் காது போய்விடும். ஒரு தடத்தில் கூரான 'டக்' சத்தம் ஒன்றைச் சரியாகக் கோட்டில் வையுங்கள். அதை வெளியே ஓடவிட்டு, இன்னொரு தடத்தில் பதியுங்கள். பெருப்பித்துப் பார்த்தால் இரண்டு 'டக்'குக்கும் இடையில் இடைவெளி தெரியும். அதை மில்லிசெக்கனில் இல்லாமல் சாம்பிளில் எண்ணுங்கள். என் பழைய இன்டர்ஃபேஸில் அது 317 சாம்பிள் வந்தது. 44,100 ஆல் வகுத்தால் 7.2 மில்லிசெக்கன்.

ரீப்பரின் பிரிஃபரன்ஸில் ஓடியோ, அதற்குள் ரெக்கோடிங் என்று ஒரு பக்கம் இருக்கிறது. டிரைவர் சொல்லும் லேட்டன்சியை, அதாவது தாமதத்தை, பயன்படுத்தும் பெட்டியில் சரி போட்டபடியே விட்டு, கீழே கைக்கணக்கு எழுதும் இடத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள். மறுபடி பதிந்து பாருங்கள். இடைவெளி இரட்டிப்பானால் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட வேண்டும். நான் இன்றுவரை முதல் தடவையில் சரியாகப் போட்டதில்லை. மற்றப் பதிவு மென்பொருள்களில், ஏபிள்டன் லைவில் இதே இடத்துக்கு 'டிரைவர் எரர் கொம்பென்சேஷன்' என்று பெயர், லாஜிக்கில் 'ரெக்கோடிங் டிலே'.

பாட்டுக்குப் பாட்டு அளவு மாறுவதற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பஃபரை மாற்றினால் பஸ் மாறுகிறது. டிரைவரின் பொய்யும் அதோடு மாறலாம். பதியும்போது ஒரே பஃபர், 128 அல்லது 256, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கலவை செய்யும்போது 1024 க்குப் போங்கள், அப்போது யாரும் பாடப் போவதில்லை. லிமிட்டரைப் பொறுத்தவரை, முன்னாலே எட்டிப் பார்த்து வேலை செய்கிற வகை லிமிட்டர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துத்தான் விடும். சத்தத்தின் கனத்தையும் கூர்மையையும் திருத்தும் ஈக்யூவில் 'லீனியர் ஃபேஸ்' என்ற வகையும் அப்படித்தான். மென்பொருள் அதற்கும் கணக்குப் பார்க்கும், ஆனால் பாடுகிறவருக்கு இசை இன்னும் பிந்திப் போகும். பதியும்போது கழற்றிவிடுங்கள், பிறகு பூட்டலாம்.

கடைசியாக ஒன்று. கணினியை மூடித் திறந்து மூன்று தடவை அளந்து பாருங்கள். மூன்றிலும் அதே எண் என்றால் நிம்மதி. ஒவ்வொரு தடவையும் வேறு எண் என்றால் எந்தக் கைக்கணக்கும் நிற்காது. டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும், யூஎஸ்பி ஹப்பைத் தூக்க வேண்டும். விண்டோஸில், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ வகை டிரைவர் தெரிவாகி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டைன்பெர்க் கொம்பனி 1997 இல் கொண்டுவந்தது அது. இன்டர்ஃபேஸ் செய்த கொம்பனியின் சொந்த ஆசியோ இருந்தால் அதையே போடுங்கள்.

கேள்வி: புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசிக்கிறேன். கட்டையை அமத்திக் கொஞ்ச நேரம் கழித்தே சத்தம் வருகிறது. பஃபரை 64 க்குக் குறைத்தும் சரிவரவில்லை.
நிலாவெளி வாசகர்

பதில்: கழற்றி வைத்துவிட்டு வயர் ஹெட்போன் வாங்குங்கள். புளூடூத் ஹெட்போனில் 150 மில்லிசெக்கன், 200 மில்லிசெக்கன் பிந்துவது சாதாரணம். நம் ஊர் வெக்கையில் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும், அதாவது ஒரு மீற்றருக்கு 3 மில்லிசெக்கன். 150 என்றால் ஸ்பீக்கரில் இருந்து 50 மீற்றர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் தவில் அடிக்க, நீங்கள் வீதியின் அந்தத் தொங்கலில் நின்று தாளம் போடுகிறீர்கள். பஃபர் இதற்கு ஒன்றும் செய்யாது.

கேள்வி: பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிக்கிறேன். கீபோர்டைக் கணினியில் இணைத்தால் ஒரு கட்டைக்கு இரண்டு சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, எதிரொலி மாதிரி வருகிறது. தாமதத்தைச் சரிசெய்ய வழி உண்டா?
கன்னியா, ஓர் ஆசிரியை

பதில்: இதில் சரிசெய்யத் தாமதமே இல்லை, டீச்சர். முதல் சத்தம் கீபோர்ட் தன் வயிற்றில் இருந்து போடுவது. இரண்டாவது, கணினி சுற்றிவந்து போடுவது. கீபோர்டின் மெனுவில் மிடி பகுதிக்குள் 'லோக்கல் கொன்ட்ரோல்' என்று இருக்கும், அதை நிறுத்துங்கள். கட்டை கணினிக்கு மட்டும் பேசும். வகுப்பு முடிந்து கணினி இல்லாமல் வாசிக்கும்போது மறுபடி போட மறக்க வேண்டாம். "கீபோர்ட் செத்துப்போச்சு" என்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பல இந்த ஒரு பொத்தானால் வந்தவை.

கேள்வி: கலியாண வீட்டில் களிகம்பு ஆட்டத்தைப் போனில் வீடியோ எடுத்தேன், சத்தத்தைத் தனியாக ஒரு ரெக்கோடரில் பதிந்தேன். தொடக்கத்தில் இரண்டையும் அச்சொட்டாகப் பொருத்தினேன். ஐம்பது நிமிடம் முடியும்போது கம்பு மோதுவது ஓரிடம், சத்தம் இன்னோரிடம். கால் செக்கன் வித்தியாசம் வருகிறது. தொடக்கத்தைத் தள்ளி வைத்தால் தொடக்கம் பிழைக்கிறது.
கிண்ணியா வாசகர்

பதில்: நானா, மேலே உப்புவெளித் தம்பிக்கு வந்தது வேறு வருத்தம், உங்களுக்கு வந்தது வேறு. அவருடையது முதல் அடியில் எவ்வளவு பிந்துமோ கடைசி அடியிலும் அவ்வளவே பிந்தும். உங்களுடையது போகப் போகக் கூடுகிறது. இதைத் தள்ளி வைத்துத் தீர்க்க முடியாது, இழுக்கத்தான் வேண்டும்.

போனுக்குள் ஒரு மணிக்கூடு, ரெக்கோடருக்குள் ஒரு மணிக்கூடு. இரண்டும் படிகக் கல் அதிர்வில் ஓடுபவை, இரண்டும் துளி பிசகும். பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு பிசகினால், கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அது நிமிடத்துக்கு 3 மில்லிசெக்கன். ஐந்து நிமிடப் பாட்டில் 15, யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் 180. செக்கனுக்கு 25 படம் ஓடும் வீடியோவில் அது நாலரைப் படம், கம்பு மோதி விலகியே போய்விடும். ஒரு மணிக்கூடு முந்தி மற்றது பிந்தினால் இரண்டும் சேரும். உங்கள் கால் செக்கன் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், பதிந்தது களிகம்பு. வயலின் கச்சேரியில் எந்த இடத்தைப் பிடிப்பது என்று தேடிச் சாக வேண்டும். கம்பு மோதும் சத்தம் ஊசி மாதிரி நிற்கும். போன் தானாகப் பதிந்த சத்தத்தை அழிக்காமல் வைத்திருப்பீர்கள். அதில் முதல் மோதலில் இருந்து கடைசி மோதல்வரை எத்தனை செக்கன் என்று எடுங்கள். ரெக்கோடரிலும் அதே இரண்டு மோதல்களுக்கு இடையில் எடுங்கள். போனில் 2999.75, ரெக்கோடரில் 3000.00 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.999917. ரெக்கோடர் சத்தத்தின் நீளத்தை 99.9917 வீதம் ஆக்கிவிட்டால் இரண்டு தொங்கலும் பொருந்தும். சுருதி மாறுமா என்று கேட்பீர்கள். மாறும், ஆனால் எந்த வித்துவானும் கண்டுபிடிக்க மாட்டார்.

இரண்டு தொங்கலும் பொருந்தி நடு மட்டும் விலகினால் போனில்தான் சந்தேகம். பல போன்கள் வெளிச்சத்தையும் வேலைப் பளுவையும் பார்த்து, செக்கனுக்கு எத்தனை படம் என்பதை இடையிடையே மாற்றும். நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே பொருத்தத் தொடங்குங்கள்.

இன்னொரு பிசகும் உண்டு, 48,000 இல் பதிந்ததை 44,100 என்று நினைத்து ஓடவிடுவது. அது இப்படி ஒளிந்து விளையாடாது. ஐந்து நிமிடப் பாட்டு ஐந்தரை நிமிடத்துக்குக் கிட்டப் போகும், சுருதி முக்கால் கட்டை இறங்கும், பாடியவர் அண்ணன் குரலில் பாடுவார்.

கேள்வி: எங்கள் கோஷ்டியின் பழைய கீபோர்டில் உள்ள ஸ்டைல்களை, அது தானாக வாசிக்கும் பின்னணிகளை, மிடியாகக் கணினிக்குள் பதிகிறோம். ஓர் அடி சரி, அடுத்தது பிந்தும், அதற்கடுத்தது முந்தும். டிரம், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேர்ந்து வரும் முதல் அடிதான் ஆக மோசம். விலை குறைந்த மிடி-யூஎஸ்பி வயர்தான் பாவிக்கிறோம்.
தம்பலகாமம், கோஷ்டிக்காரர்

பதில்: மிடி என்றால் பழந்தமிழில் வறுமை. ஐந்து முள் பிளக் உள்ள மிடி வயரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயர் பொருத்தம்தான். 1983 இல் வந்த வழக்கம் அது, செக்கனுக்கு 31,250 பிட் மட்டும் போகும். ஒரு கட்டையை அமத்தியதைச் சொல்ல மூன்று பைட் வேண்டும், அது போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன். ஒரு கட்டைக்கு அது தாராளம். உங்கள் ஸ்டைலின் முதல் அடியில் பத்துப் பன்னிரண்டு கட்டை ஒரே நேரத்தில் விழுகிறது. ஆனால் வயர் ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம், கடைசி ஆள் பத்து மில்லிசெக்கன் கழித்துத்தான் சேருவார். டிரம் முதலில் போய் ஸ்ட்ரிங்ஸ் கடைசியில் போனாலாவது பரவாயில்லை, ஸ்ட்ரிங்ஸ் எப்படியும் ஊறித்தான் வரும். மாறிப் போனால் தாளமே நொண்டும்.

அதனால் ஸ்டைலை வயரில் அனுப்பவே வேண்டாம் என்பது என் கட்சி. கீபோர்டிலேயே பதிந்து, மிடி கோப்பாகப் பென்டிரைவில் எடுத்து, மென்பொருளில் திறவுங்கள். கோட்டில் விழும். அந்த வசதி இல்லாவிட்டால் கீபோர்டின் பின்னால் சதுரமான யூஎஸ்பி வாய் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் நேராக இணைக்கலாம், அந்த வழி இந்த 31,250 க்குக் கட்டுப்பட்டதில்லை. அதுவும் இல்லையென்றால் டிரம் ஒரு தடவை, பேஸ் ஒரு தடவை என்று தனித்தனியாக ஓடவிட்டுப் பதியுங்கள். அப்படிப் பதியும்போது கீபோர்டின் டெம்போ கணினியைப் பின்பற்ற வேண்டும். கீபோர்டின் மிடி மெனுவில் 'குளொக்' என்பதை 'எக்ஸ்டேர்னல்' ஆக்குங்கள். இரண்டிலும் 120 என்று எழுதிவிட்டால் போதாது, கிண்ணியா நானாவின் கதைதான் வரும்.

உங்கள் விலை குறைந்த வயரைத் திட்டாமல் விட மனம் வரவில்லை. நானும் ஒன்று வாங்கி, வேகமாக வாசித்தால் கட்டையை விழுங்கும் என்று கண்டு தூக்கிப் போட்டேன். முதலில் கோளாறு உப்புக்காற்றில் என்று நினைத்து பிளக்கை எல்லாம் தேய்த்தேன். உப்புக்காற்று பிளக்கைத் தின்னும், நேரத்தைத் தின்னாது.

இன்னும் ஆடினால் லப்டொப்பைப் பாருங்கள். கரண்ட் போய்ப் பற்றரியில் ஓடும்போது அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சேமிப்பை நிறுத்துங்கள், பதியும் நேரத்துக்கு வைஃபையை அணையுங்கள். கியூபேஸ் என்ற பதிவு மென்பொருளைப் பாவிப்பவர்கள் மிடி அமைப்பில் 'சிஸ்டம் டைம்ஸ்டாம்ப்' என்ற பெட்டியில் சரி போட்டும் போடாமலும் பதிந்து பார்க்கலாம். எது நல்லது என்பது மிடி டிரைவரைப் பொறுத்தது.

கேள்வி: எல்லாருக்கும் பிந்துகிறது என்கிறார்கள். எனக்கு முந்துகிறது! கியூபேஸில் பியானோவை மிடியாக வாசித்தால், திருப்பிப் போடும்போது எல்லாக் கட்டையும் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. நான் அவசரக்காரி என்று வீட்டில் சொல்கிறார்கள்.
மூதூர் வாசகி

பதில்: வீட்டில் சொல்வதில் எனக்குத் தலையிட விருப்பமில்லை, தங்கச்சி. ஆனால் இதில் நீங்கள் கெட்டிக்காரி. பஃபர் பெரிதாக இருக்கிறது, அமத்திய பிறகு பியானோச் சத்தம் பிந்தி வருகிறது. காதுக்குத் தாளம் பொருந்த வேண்டும் என்று விரல் தானாக முந்திக்கொள்கிறது. நல்ல காது உள்ளவர்கள் எல்லாரும் தெரியாமலே இதைச் செய்வார்கள். மென்பொருளோ, நீங்கள் கேட்ட நேரத்தை விட்டு விரல் அமத்திய நேரத்தையே குறித்து வைக்கிறது. விரல் முந்தியதைப் பெட்டி திருத்தாவிட்டால், திருப்பிப் போடும்போது அது முந்தியே நிற்கும்.

மிடி தடத்தில் 'ஆசியோ லேட்டன்சி கொம்பென்சேஷன்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் பதியும் கட்டைகளைத் தாமதத்தின் அளவுக்குப் பின்னே தள்ளி வைக்கும். போட்டுவிட்டு அதே எட்டு அடியை வாசித்துப் பாருங்கள். பஃபரை 128 க்குக் குறைத்த பிறகு பொத்தானை நிறுத்தி இன்னொரு தடவை. இரண்டையும் அடுத்தடுத்த தடத்தில் வைத்து, எது கோட்டுக்குக் கிட்ட நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். குவாண்டைஸ் போட்டு எல்லாவற்றையும் கோட்டில் ஒட்டிவிட வேண்டாம். அவசரமும் போய்விடும், வாசித்ததும் போய்விடும்.

இரண்டு தடவையும் முந்தித்தான் நிற்கிறது என்றால், வீட்டுக்காரர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடுங்கள்.